சென்னையில் ஒரு சேனை!

மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டில் கறிகாய் வாங்குகிறவர்களை ஒரு பத்து நிமிஷம் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? நல்ல பொழுதுபோக்கு! வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பி ஓட்டை தேடுவார்கள். தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டி, ஏதோ டிரங்க்கால் வந்த மாதிரி உன்னிப்பாகக் கேட்பார்கள். ஆனால் சேனைக்கிழங்கு என்றால் மட்டும் இரண்டடி தள்ளி நின்று, "அரை கிலோ வெட்டிக் குடுப்பா" என்பதோடு சரி. கை படாது. கடைக்காரரே பேப்பரில் சுற்றிப் பைக்குள் போட்டுவிட வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு, அதை யார் நறுக்குவது என்று தனியாக ஒரு பஞ்சாயத்து!

இப்படி ஊரே தள்ளி நிற்கும் அந்தக் கிழங்கை, அடையாறில் எங்கள் அபார்ட்மெண்ட் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நாங்கள் வளர்க்கிறோம். ஆசைப்பட்டு ஆரம்பித்தது இல்லை. அத்தையோடு கூடவே வந்த சீர் அது.

என் அத்தைக்கு வயது எண்பத்தைந்துக்கு மேல். மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கத்தில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே வீட்டில் இருந்தவர். வாசலில் திண்ணை, அப்புறம் ரேழி, கூடம், கடைசியில் கிணறு, துவைக்கிற கல். அந்தக் கல்லிலிருந்து ஓடுகிற தண்ணீரில் வாழையும் சேம்பும் சேனையும் தாமாகவே வளர்ந்துகொண்டிருக்கும். 2021-ல் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து வீட்டை பில்டரிடம் கொடுத்தார்கள். ஆளுக்கொரு ஃப்ளாட் வரும் என்று கணக்கு. அதுவரை அத்தை எங்கே இருப்பார்? மாடிப்படி ஏற முடியாது. எங்களுடையது தரைத்தளம். முடிந்தது விஷயம்!

லாரியில் ஊஞ்சல் பலகை வந்தது, இரும்பு பீரோ வந்தது, யாரும் அரைக்கப் போகாத கல்லுரல் வந்தது. கடைசியாக ஆட்டோவில் அத்தை. மடியில் ஒரு மஞ்சப்பை. நகையாக இருக்கும் என்று என் மனைவி பயபக்தியோடு இரண்டு கையாலும் வாங்கிக் கொண்டாள். உள்ளே பார்த்தால், மண்ணும் வேருமாக ஒரு சேனைக்கிழங்கு!

"என் மாமியார் வெச்சதுடா அது" என்றார் அத்தை. "ஜேசிபிக்காரன் வந்தா அவனுக்கு இது கிழங்குன்னு தெரியுமா, கல்லுன்னு தெரியுமா? அதான் நானே பிடுங்கிண்டு வந்துட்டேன்."

மேலே போவதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சென்னையில் சேனை என்றால் யானைக்கால் சைஸில் இருக்கும் பெரிய கிழங்கு. கருணை என்றால் கைக்குள் அடங்குகிற பிடிகருணை. ஆனால் வேறு பல ஊர்களில் இந்தப் பெரியதைத்தான் கருணைக்கிழங்கு என்பார்கள். வெளியூரிலிருந்து தி.நகருக்குக் குடிவந்த என் நண்பர் ஒருவர், மனைவி எழுதிக் கொடுத்த சீட்டில் 'கருணை' என்று இருந்ததை நம்பிக் கடையில் கேட்டு, பிடிகருணையோடு வீடு திரும்பினார். உள்ளே கருணை காட்டப்படவில்லை என்று கேள்வி! வைத்திய நூல்களில் காறும் கருணை, காறாக் கருணை என்று இரண்டு வகை சொல்லுவார்கள். ஒன்று தொண்டையைப் பிடிக்கும், மற்றது பிடிக்காது. வடக்கே போனால் இது சூரன் அல்லது ஜிமிகந்த். தெலுங்கில் கந்த, வங்காளத்தில் ஓல். தாவரவியல்காரர்கள் அமார்ஃபோஃபாலஸ் பியோனிஃபோலியஸ் என்று நாக்கு சுளுக்கும்படி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் முதல் பாதிக்கு அர்த்தம் என்ன என்று நான் எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார். விட்டுவிடுகிறேன்.

அத்தை வந்த மறு வாரமே நடவு. மாசி, பங்குனிதான் இதற்குக் காலம். கிழங்கின் உச்சியில் தொப்புள் மாதிரி ஒரு குழி இருக்கும். முளை இருப்பது அங்கேதான். பர்த்டே கேக் வெட்டுகிற மாதிரி நடுவிலிருந்து வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் அந்தத் தொப்புளில் கொஞ்சமாவது ஒட்டியிருக்க வேண்டும். முளை இல்லாத துண்டைப் புதைத்தால் அது மண்ணுக்கு உரம், அவ்வளவுதான். அத்தை நாலாக வெட்டினார். துண்டு ஒவ்வொன்றும் அரை கிலோவுக்குக் குறையாது.

வெட்டிய துண்டுகளைச் சாணிக் கரைசலில் முக்கி நிழலில் உலர்த்த வேண்டும் என்றார். அடையாறில் சாணிக்கு எங்கே போவது? 'கூரியரில் வறட்டியே வருகிறது, பார்த்துக்கலாம்' என்று நான் மொபைலை எடுப்பதற்குள், அத்தை தெருவில் போன மாட்டைப் பார்த்துவிட்டு வாட்ச்மேனை ஒரு வாளியோடு அனுப்பிவிட்டார். எந்த ஆப்பும் இவ்வளவு சீக்கிரம் டெலிவரி செய்ததில்லை!

எங்கள் கட்டடத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் மூன்றடி அகலத்துக்கு மண் தரை உண்டு. சிமெண்ட் போடுகிறபோது காசு தீர்ந்து போனதால் தப்பித்த இடம். அங்கே இரண்டடிக்கு இரண்டடி, ஒன்றரை அடி ஆழத்தில் குழி. மக்கிய எரு, செம்மண், தென்னை நார்க்கழிவு எல்லாம் கலந்து போட்டு, முளை மேலே பார்க்கிற மாதிரி வைத்து மூடினோம். இடம் போதாமல் ஒரு துண்டை மட்டும் பெயிண்ட் டிரம்மில், அடியில் ஓட்டை போட்டு வைத்தோம். அதுவும் வந்தது. தரையில் வைத்ததைவிடக் கிழங்கு சின்னது, அவ்வளவுதான். மொட்டை மாடிக்காரர்கள் ஒன்றரை அடி அகலமும் அதே ஆழமும் உள்ள பையில் தாராளமாக வைக்கலாம்.

தமிழகத் தோட்டக்கலைத் துறை 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கான பொருள்களை மானியத்தில் கொடுக்க ஆரம்பித்தபோது எங்கள் தெருவில் மாடிக்கு மாடி தக்காளிதான். காலையில் தண்ணீர், சாயங்காலம் தண்ணீர், நடுவில் மாவுப்பூச்சி என்று குழந்தை வளர்ப்பது மாதிரி வளர்த்தார்கள். மே மாதம் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், பை இருக்கும், செடி இருக்காது. சேனைக்கு அந்தச் சீராட்டல் எதுவும் வேண்டாம். கேரளத்தில் தென்னை நிழலிலும் வாழைக்கு நடுவிலும்கூடப் பயிர் செய்கிறார்கள். அரை நாள் வெயில் கிடைத்தாலே சமாளித்துக் கொள்ளும். சுவரோர இடத்துக்குத் தோதான பயிர் இதைவிட வேறு என் கண்ணில் பட்டதில்லை. தண்ணீர் தேங்கக்கூடாது என்பது ஒன்றுதான் அதனுடைய கண்டிஷன். தேங்கினால் அழுகிவிடும்.

ஆனால், பொறுமை வேண்டும். நட்டு ஒரு மாதம் ஆனது. ஒன்றரை மாதமும் ஆனது. மண்ணைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துப் போனது. அப்புறம் ஒருநாள் காலை, ஈட்டி முனை மாதிரி ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. பத்தே நாளில் இடுப்பு உயரம், உச்சியில் குடை விரித்த மாதிரி இலைகள்.

'இலைகள்' என்று எழுதியது பேச்சு வழக்குக்காக. உண்மையில் அது ஒரே ஒரு இலை! நாம் தண்டு என்று நினைப்பது இலைக்காம்பு. மேலே குடை மாதிரி பிரிந்து பிரிந்து நிற்பது மொத்தமும் ஒரே இலையின் பகுதிகள். பயிர்க்காலம் பூராவும் பெரும்பாலும் இந்த ஒற்றை இலையை வைத்துக்கொண்டுதான் சேனை காலம் தள்ளுகிறது. மண்ணுக்கடியில் நடப்பது அதைவிட ஆச்சரியம். நாம் புதைத்த பழைய கிழங்கு தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டுச் சுருங்கி சக்கையாகிவிடும். அதன் தலைக்கு மேலே புதுக் கிழங்கு உருவாகும். எட்டு, ஒன்பது மாதத்தில் இலை மஞ்சளாகிச் சாய்ந்தால் கிழங்கு தயார் என்று அர்த்தம். தோண்டாமல் விட்டால் தூங்கிவிட்டு, அடுத்த கோடையில் மறுபடி முளைத்து, இன்னும் பெரிதாகும்.

அந்த இலைக்காம்பு இருக்கிறதே, பச்சையில் வெளிர் திட்டுத் திட்டாக, பார்ப்பதற்கு அசல் பாம்புத் தோல். முதல் வருஷம் இரண்டாவது மாடிப் பெண்மணி ராத்திரி பால் பாக்கெட் பையை வெளியே மாட்ட வந்தவர், டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்துப் போட்ட கூச்சலில் நாலு ஃப்ளாட் விளக்கு எரிந்தது. வாட்ச்மேன் கம்போடு ஓடி வந்து இரண்டு போடு போட்டுவிட்டார். அத்தை அந்த வாட்ச்மேனோடு ஒரு வாரம் பேசவில்லை.

அதெல்லாம் சும்மா. நிஜமான அமர்க்களம் 2023 மே மாதம் நடந்தது.

அந்தத் தை மாதம் மற்ற குழிகளைத் தோண்டி எடுத்த அத்தை, ஒன்றை மட்டும் தொட விடவில்லை. "அது இருக்கட்டும், பெருக்கட்டும்" என்று விட்டுவிட்டார். கோடை மழை ஒன்று கொட்டி ஓய்ந்த பிறகு அங்கே மண்ணைப் பிளந்துகொண்டு ஏதோ வந்தது. வழக்கமான ஈட்டி இல்லை. குண்டாக, ஊதா கலந்த பழுப்பில்! அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பூ வருதுடா" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். சேனை பூத்து யார் பார்த்திருக்கிறார்கள்!

மூன்றாம் நாள் சாயங்காலம் அபார்ட்மெண்ட் முழுக்க செத்த எலி வாசனை.

செக்ரட்டரி ரிட்டயர்டு இன்ஜினியர். எதையும் முறைப்படி செய்கிறவர். லிஃப்ட் குழியைப் பார்த்தார்கள், சம்ப் மூடியைத் திறந்தார்கள், எட்டு காருக்கு பானெட்டைத் தூக்கினார்கள். மூன்றாவது மாடியில் ஒருவர் தன் வீட்டு அட்டத்தையே காலி செய்தார். எலி அகப்படவில்லை. (அட்டத்திலிருந்து அவர் மனைவியின் தொலைந்துபோன காஞ்சிபுரம் புடவை அகப்பட்டது என்பது கிளைக் கதை.) கடைசியில் ஒரு வாண்டுப் பயல், "அங்கிள், உங்க செடி மேல ஒரே ஈ" என்று கையைக் காட்டிவிட்டான்.

போய்ப் பார்த்தால், பெரிய தாம்பாளம் மாதிரி சுருக்கம் சுருக்கமாக ஒரு மடல். அதன் நடுவில் கருஞ்சிவப்பில், மூளையைப் பிடுங்கி வைத்த மாதிரி ஒரு கொண்டை. சுற்றிலும் ஈயும் வண்டும் பறந்தபடி இருக்க, அந்த வாசனையின் மூலஸ்தானம் அதுதான்!

ஞாயிற்றுக்கிழமை அவசர மீட்டிங். 'காமன் ஏரியாவில் துர்நாற்றம் பரப்பும் செடியை உடனடியாக அகற்றுவது' என்று நோட்டீஸ் போர்டில் அஜெண்டா. ஜேசிபிக்குத் தப்பி வந்த கிழங்கு அஸோஸியேஷனுக்குத் தப்பாது என்று எனக்குக் கவலை. அத்தை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "மறுபடியும் பிடுங்கச் சொல்றாளா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

நான் என் பங்குக்குப் படித்து வைத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போனேன். இந்த நாற்றம் வேண்டுமென்றே போடுகிற வேஷம். அழுகிய மாமிசம் என்று நம்பி வருகிற வண்டுகளும் ஈக்களும்தான் இதற்கு மகரந்தம் சுமக்கிற கூலிகள். கொண்டைக்குக் கீழே, அடியில் பெண் பூக்கள், அதற்கு மேலே ஆண் பூக்கள். முதலில் பெண் பூக்கள் தயாராகும். அப்போதுதான் நாற்றம் உச்சம். அது அடங்கிய பிறகே ஆண் பூக்கள் மகரந்தத்தைக் கொட்டும். தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆகவே மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியது ஓரிரு நாள்தான்.

இதன் பெரியண்ணன் ஒருவன் சுமத்ரா தீவில் இருக்கிறான், டைட்டன் ஆரம் என்று பெயர். ஆள் உயரத்துக்கு மேல் பூக்கும். பெக்காரி என்ற இத்தாலிக்காரர் 1878-ல் அதைக் கண்டு எழுதினார். 1889-ல் லண்டன் கியூ தோட்டத்தில் அது பூத்தபோது ஊரே திரண்டது. 1926-ல் மறுபடி பூத்தபோது கூட்டத்தைச் சமாளிக்க போலீஸ் வரவேண்டியிருந்ததாம். "லண்டன்ல இந்த நாத்தத்துக்கு க்யூவில நிக்கறாங்க சார், நமக்கு இனாமா வந்திருக்கு!" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அப்போது அத்தை ஊன்றுகோலோடு மெதுவாக வந்து உட்கார்ந்தார். "எங்க கொல்லையில பூக்கறச்சே, அடுத்த மூக்கு நாப்பது அடிக்கு அந்தண்டை இருந்தது. இங்கே சுவத்துக்குச் சுவர் மூக்கு. தப்பு பூ மேல இல்லை, உங்க மேலயும் இல்லை" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு செக்ரட்டரி தலையைத் திருப்பி இரண்டு தரம் மூச்சை இழுத்துப் பார்த்தார். "இப்போ ஒண்ணும் வரலியே?" என்றார். வாஸ்தவம்தான். மீட்டிங் நாளன்று நாற்றம் காணாமல் போயிருந்தது! அடுத்த நடவை ஜெனரேட்டர் பக்கம் வைத்துக்கொள்வது என்று ஒரு திருத்தத்தோடு அஜெண்டா முடிந்து, மிக்சர் வந்தது.

பூ வாடிய இடத்தில் பிறகு இலை வந்தது. கார்த்திகை நடுவில் அது மஞ்சளாகத் தொடங்கியபோது, வங்கக் கடலில் மிக்ஜாம் புயல். 2015 டிசம்பரில் ஆற்றை வீட்டுக்குள் பார்த்த ஊர் அடையாறு. அந்த பயத்தில் டிசம்பர் 2 சனிக்கிழமையே தோண்டிவிடுவது என்று அத்தை முடிவெடுத்தார். வாட்ச்மேன் தோண்ட, இருவரும் சமாதானமானார்கள். அத்தை சொன்னபடி நல்லெண்ணெய் தடவிய கையோடு நான் தூக்கினேன். பழைய பேப்பர்காரர் தராசில் ஆறு கிலோவுக்கு மேல்! பூத்த வருஷம் கிழங்கு கொஞ்சம் இளைத்திருக்கும், இல்லாவிட்டால் இன்னும் கூட இருந்திருக்கும் என்று அத்தைக்குக் குறை.

மறுநாள் ராத்திரி பிடித்த மழை நாலாம் தேதி முழுக்கக் கொட்டியது. கார் பார்க்கிங்கில் முழங்கால் தண்ணீர், எங்கள் வாசற்படி வரை. சேனை இருந்த குழி எங்கே என்றே தெரியவில்லை. கரண்ட் இல்லை, பால் இல்லை, கறிகாய்க்காரர் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது அரிசி, பருப்பு, புளி, காஸ் சிலிண்டர், அப்புறம் ஆறு கிலோ சேனை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அத்தை உட்கார்ந்து உத்தரவு போட, மனைவி மசியல் செய்தாள். ஏழு வீட்டுக்குப் போனது. பூவுக்கு எதிராக நோட்டீஸ் ஒட்டியவர் இரண்டாவது தரம் கிண்ணத்தை அனுப்பினார்!

மசியல் ஒன்றும் வித்தை இல்லை. தோலை நன்றாகத் தடிமனாகச் சீவி, துண்டு போட்டு, புளித்தண்ணீரில் மஞ்சள்பொடி, உப்பு போட்டுக் குழைய வேக வைத்து மசிக்க வேண்டும். வெந்த துவரம்பருப்பு, இஞ்சி, பச்சைமிளகாய் சேர்த்து ஒரு கொதி. கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய்வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்தால் முடிந்தது. அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்தால் இன்னும் விசேஷம். மார்கழித் திருவாதிரைக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் கூட்டில் எங்கள் வீட்டில் சேனை இல்லாமல் இருந்ததில்லை. மலையாளிகளுக்கு எரிசேரியும் காளனும். காசிப் பக்கம் தீபாவளிக்கே சேனை சமைக்கிறார்கள். நமக்கு லேகியம், அவர்களுக்கு சூரன்!

புளியும் எலுமிச்சையும் ருசிக்கு மட்டும் இல்லை. சேனையில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கின்றன. கையிலும் தொண்டையிலும் குத்துவது அதுதான். நன்றாக வேகவிடுவதும் புளிப்பும் அந்தக் குத்தலைக் குறைக்கும். நறுக்குவதற்கு முன் கிழங்கையும் கையையும் நனைக்காமல், எண்ணெய் தடவிக்கொள்வது அத்தை முறை. அரிப்புக் குறைந்த ரகங்களும் இப்போது உண்டு. ஆந்திராவில் கொவ்வூர் ஆராய்ச்சி நிலையத்தின் கஜேந்திரா, 1963-லிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஸ்ரீ பத்மா இரண்டும் பேர் பெற்றவை. மூலநோய்க்கு நல்லது என்று சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் இந்த இனத்துக் கிழங்குகளைக் கொண்டாடுகின்றன. ஆனால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஆக்ஸலேட் விஷயத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. என்னதான் சமைத்தாலும் பச்சையாக மட்டும் வாயில் வைக்கக்கூடாது, விளையாட்டுக்குக்கூட!

அந்த ஆறு கிலோவில் நடுத் துண்டை மட்டும் அத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. சமையலறையில் வேண்டாம் என்று பூஜை அலமாரிக்குக் கீழே, பழைய பேப்பர் மேல் இரண்டு மாதம் வைத்திருந்தார். 2024 மாசியில் அது ஜெனரேட்டர் பக்கத்துக் குழிக்குப் போனது. முளை ஒட்டிய இன்னொரு துண்டை செக்ரட்டரி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் வீட்டு பால்கனியில் ஒரு பெயிண்ட் டிரம் இருக்கிறது.

உங்களுக்கும் ஆசை வந்தால், மாசி பிறந்ததும் தண்ணித்துறை மார்க்கெட் பக்கம் போங்கள். வெட்டிய துண்டு வேண்டாம், சின்னதாக, முழுசாக, உச்சியில் முளைக்குழி தெரிகிற கிழங்காகக் கேளுங்கள். "சமைக்கவா?" என்று கடைக்காரர் சந்தேகமாகப் பார்ப்பார். "நடறதுக்கு" என்று சொல்லுங்கள். கூடைக்கு அடியில் கைவிட்டு நல்லதாக ஒன்று எடுத்துத் தருவார்.